தேர் ஓடிய தேதி

தொண்ணூறுகளின் தொடக்கம். வேலையில்லாதவர்களுக்கு இலவச வீடியோ கேமரா பயிற்சி, அரசாங்க மானியத்துடன் என்று இராஜபாளையத்தில் ஓர் அறக்கட்டளை அறிவித்தது. பன்னிரண்டு பேர் சேர்ந்தோம், கேமரா ஒன்று. நான் ஸ்ரீவில்லிபுத்தூரிலிருந்து தினமும் டவுன் பஸ்ஸில் போய்வந்தேன். ஐப்பசியில் ஆரம்பித்து மூன்று மாதம்.

கேசட் போடாமலேதான் பழகினோம். "பழகுறதுக்கு எதுக்குலே கேசட்? கண்ணு பழகினாப் போதும்" என்பார் வாத்தியார். முகூர்த்த நாட்களில் கேமரா அவரோடு கல்யாணங்களுக்குப் போய்விடும். அதையும், என் கையில் கேமரா இருந்த நிமிடங்களையும் டைரியில் எழுதிவந்தேன். கடைசியில் கூட்டினால் நாற்பத்தொரு நிமிடம்.

மானியம் கொடுத்த இலாகாவின் அதிகாரி பார்வையிட வருவதாகத் தகவல் வந்தது. எங்களுக்காகக் கேசட் வாங்கியதாக ரெஜிஸ்டரில் இருந்தது. வாத்தியார், கல்யாணம் எடுத்துத் தேய்ந்த கேசட்டுகளை ஒரு பெட்டி நிறையக் கொண்டுவந்து என் முன்னால் வைத்தார்.

"ஒன் கையெழுத்து அச்சு மாதிரி இருக்கும்லே. நீங்க எடுத்த படம்னு லேபிள் எழுதி ஒட்டு."

எழுதினேன். அய்யனார் கோவில் அருவி, செண்பகத்தோப்பு, ஆண்டாள் தேர். ஒவ்வொன்றுக்கும் ஒரு தேதி. பக்கத்தில் ஒரு பெண் பசை தடவிக் கொடுத்தாள். பேண்டேஜ் கம்பெனி வேலையை விட்டுவிட்டுப் பயிற்சிக்கு வந்தவள். சான்றிதழைக் காட்டினால்தான் அவளுக்குப் பேங்கில் கேமரா லோன். தை கடைசி வரைதான் கெடு.

"அண்ணே, நாளைக்கு அந்த டைரிய வீட்டுல வச்சுட்டு வாங்க" என்றாள்.

வைக்க மனம் வரவில்லை. மறுநாள் டைரி பையில் இருக்க, பஸ்ஸில் இடம் இருந்தும் நின்றுகொண்டே போனேன்.

அதிகாரி லேபிள்களைப் படித்துக்கொண்டே வந்து ஒன்றில் நின்றார்.

"தேருக்கு ஆடி மாசத் தேதி போட்டிருக்கு. பயிற்சி ஐப்பசியிலதான ஆரம்பிச்சது?"

தப்பு என்னுடையது. மற்றதற்கெல்லாம் தோன்றிய தேதியைப் போட்டவன், தேருக்கு மட்டும் ஆடிப்பூரத்தன்று அது ஓடிய தேதியைப் போட்டிருந்தேன். ஆண்டாள் தேரை ஐப்பசியில் ஓடவிட எங்கள் ஊர்க்காரன் கைக்கு வராது.

"யாரு எழுதினது?"

எழுந்தேன்.

"நீ எம்புட்டு நேரம் படம் எடுத்த?"

அவள் தரையைப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

"கேமராவப் பிடிச்சது நாப்பத்தோரு நிமிஷம், சார். படம் எடுத்ததில்ல."

"அவன் ஒரு மாதிரி, சார்" என்று வாத்தியார் சிரித்துப் பார்த்தார். அதிகாரி ரெஜிஸ்டரை வாங்கிப் பையில் வைத்துக்கொண்டார். இரண்டு புதுக் கேசட் வாங்கிவரச் சொன்னார். எல்லோரும் அவர் கண்முன்னே எடுக்க வேண்டும்; சான்றிதழ், விசாரணை முடிந்த பிறகுதான்.

முதலில் அவள். ஜன்னல் வழியே சாலையைப் பார்த்துப் பொத்தானை அழுத்தியவள் சட்டென்று முகத்தை எடுத்தாள்.

"உள்ள செவப்பா என்னமோ எரியுதே. எதையும் ஒடச்சுட்டேனா?"

"பதிவாகுதுன்னு அர்த்தம்" என்றார் வாத்தியார், தணிந்த குரலில்.

சான்றிதழ் பங்குனியில் வந்தது. அவள் அதற்குள் பேண்டேஜ் கம்பெனிக்கே திரும்பியிருந்தாள். அதிகாரி வந்த அன்று டைரியை நான் பையிலிருந்து எடுக்கவே இல்லை என்று அவளிடம் சொல்ல நினைத்து, அவள் வேலை விட்டு வரும் நேரம் பல தடவை பஸ் ஸ்டாண்டில் நின்றிருக்கிறேன். அவள் முந்திக்கொள்வாள்.

"டைரி பத்திரமா இருக்கா, அண்ணே?"

"இருக்கு" என்பேன்.