கண்ணாடியில் ஊற்றிய வெந்நீர்

கோத்தகிரி ஏற்றத்தில் மூடுபனி ஜீப்புக்குள் ஏறி எங்களோடு உட்கார்ந்துகொண்டது. பக்கவாட்டில் கதவு கிடையாது, படுதாதான். காட்டுப்பாக்கத்தில் ஒர்க்‌ஷாப் வைத்திருக்கும் என் மைத்துனன், ஏலத்தில் எடுத்த பழைய ஜீப்பை இரண்டு வருடம் இழைத்து இழைத்துச் சரிசெய்து, நாலு சக்கரமும் இழுக்கும்படி ஆக்கியிருந்தான். முதல் நெடும்பயணமாக எங்களை மலைக்கு அழைத்துப் போய்க்கொண்டிருந்தான். எட்டு வருடங்களுக்கு முன், ஒரு தை மாதம்.

என் மனைவிக்கு ஓர் ஆசை இருந்தது. உறைபனி விழுந்து புல்வெளி முழுக்க வெள்ளையாகக் கிடப்பதைக் கண்ணால் பார்க்க வேண்டும். திருமுல்லைவாயிலில் பிறந்து சேக்காட்டுக்கு வாழ்க்கைப்பட்டவள். "ரெண்டு ஸ்டேஷன் தள்ளி வந்தேன், அவ்ளோதான் நான் பாத்த ஊரு" என்பாள்.

ஒவ்வொரு கொண்டை ஊசி வளைவிலும் விளக்கொளி சாலையை விட்டு விலகி, ஒன்றுமில்லாத வெண்மையில் சற்று நின்று, திரும்பி வந்தது. யூக்கலிப்டஸ் வாசம். குரங்குக் குல்லா போட்ட அவள் தலை என் தோளில் கிடந்தது. நாங்கள் மேலே ஏறுகிறோமா, மலை மெல்லக் கீழே இறங்குகிறதா என்று தெரியவில்லை. அந்த ஒரு மணி நேரம் நான் யாருக்கும் கெடுதல் செய்யாதவனாக இருந்தேன்.

ஊட்டிக்கு அப்பால் ஒரு சிறிய விடுதியில் தங்கினோம். அங்கிருந்து கரட்டுப் பாதையில் ஐந்தாறு கிலோமீட்டர் போனால் புல்வெளி. வேறு வண்டிகள் அந்தப் பாதையில் ஏறாது. வெயில் வந்துவிட்டால் வெள்ளையும் கரைந்துவிடும்.

காலையில் மைத்துனன் டீ குடிக்கப் போயிருந்தான். ஜீப்பின் முன்கண்ணாடியில் பனி உப்புத்தாள்போலச் சொரசொரவென்று படிந்திருந்தது. அவள் நகத்தால் அதில் ஒரு கோடு கிழித்து, விரலை நாக்கில் வைத்துப் பார்த்துச் சிரித்தாள். முகம் கழுவ ஒரு ஜக்கில் கொதிக்கக் கொதிக்க வெந்நீர் வாங்கி வந்திருந்தாள்.

"குடு, சீக்கிரம் கிளம்பலாம்" என்று அதை வாங்கிக் கண்ணாடியில் ஊற்றினேன்.

'டக்' என்றது. மேலிருந்து கீழ்வரை ஒரு விரிசல் ஓடிப் பல கிளைகளாகப் பிரிந்தது.

அம்பத்தூர் தொழிற்பேட்டையில் முப்பது வருடம், இரும்பைக் காய்ச்சிப் பதப்படுத்தும் ஹீட் ட்ரீட்மென்ட் பிரிவில் பொறியாளராக இருந்தவன் நான். சூட்டையும் குளிரையும் திடீரென்று சேர்த்தால் இரும்பே வெடிக்கும் என்று எத்தனையோ பேருக்குப் பாடம் எடுத்தவன். ஆனால் எங்கள் பக்கத்தில் வண்டிக் கண்ணாடியில் எது படிந்தாலும் தண்ணீர் ஊற்றிக் கழுவித்தான் பழக்கம். படிப்பைவிடக் கை முந்திக்கொண்டது.

காலி ஜக்கை அவள் கையில் கொடுத்தேன். எதற்காகக் கொடுத்தேன் என்பது எனக்குத் தெரியும்.

மைத்துனன் ஓடி வந்தான். "ஐயோ, இன்னா மாமா இது! யாரு ஊத்துனது?"

"உங்கக்காதான். பனி கரையட்டும்னு அவசரப்பட்டுட்டா."

அவள் என்னை ஒரு கணம் பார்த்தாள். பிறகு, "ஆமாண்டா" என்றாள்.

"யக்கா, அறிவு கீதா உனக்கு? இந்த வண்டிய பாத்துகின மாரி எம் பொண்டாட்டியகூட நான் பாத்துகினது இல்ல!"

புல்வெளிக்குப் போகவில்லை. விரிசலின் ஊடே பாதை தெரியாமல், ஊர்ந்து ஊர்ந்து கீழே இறங்கினோம்.

அதன்பின் கல்யாண வீடுகளில் நானே இதை வேடிக்கைக் கதையாகச் சொன்னேன். அவள் ஜக்கோடு திருதிருவென்று நின்றதாக நடித்தும் காட்டினேன். எல்லாரும் சிரித்தார்கள். அவளும் சிரித்தாள். தனியாக இருக்கும்போதுகூட ஏன் அப்படிச் சொன்னீர்கள் என்று கேட்டதில்லை.

இரண்டு வருடங்களாக அவளுக்கு ஞாபகம் நழுவுகிறது. போன மாதம் பக்கத்து ஃபிளாட்டில் இருக்கும் ஐ.டி. பெண், ஊட்டிக்குப் போவதாகச் சொல்லிவிட்டுப் போக வந்தாள்.

"கண்ணாடி மேல வெந்நீ மட்டும் ஊத்தாத கண்ணு" என்றாள் என் மனைவி. "நான் ஊத்தி எந்தம்பி வண்டிய நாசம் பண்ணிட்டேன். அந்தக் கோவத்துலதான் அவன் இந்தப் பக்கமே வரமாட்றான்." கண்கள் கலங்கியிருந்தன.

அவன் மாதம் தவறாமல் வருகிறான். அது அவளுக்கு நினைவில்லை. மூடுபனி போய்விட்டது, நகத்தால் கிழித்த கோடு போய்விட்டது. செய்யாத குற்றம் மட்டும் அவளிடம் தங்கிவிட்டது.

அடுத்த ஞாயிற்றுக்கிழமை அவன் வந்தபோது இருவர் முன்னாலும் சொன்னேன். "ஊத்துனது நான்தான். பொய் சொன்னேன்."

அவன் சாப்பாட்டுத் தட்டை நகர்த்தி வைத்தான். "எட்டு வருசமா எங்கக்காவ வச்சி சிரிச்சிகினு கீறோமே மாமா. அதுவும் நீ ஆக்சன்லாம் போட்டு காட்டுவியே." பிறகு அவள் பக்கம் திரும்பி, "யக்கா, கேட்டியா? நீ ஊத்தல. இவருதான்" என்றான்.

அவள் சிரித்துவிட்டாள். "போடா. அத்தினி வருசம் நெருப்போடயே வேல பாத்தவரு, இவரு போயி ஊத்துவாரா? எனக்காகச் சொல்றாரு." என் கையைத் தடவிக் கொடுத்தாள்.

மைத்துனன் சாப்பிடாமல் எழுந்தான். செருப்பை மாட்டிக்கொண்டே, "எனக்குக் கோவம் இல்லன்னாவது அக்காவுக்குத் தெனம் சொல்லு மாமா" என்றான்.

சொல்கிறேன். காலையில் காபி கலந்து கொடுத்து, எதிரே உட்கார்ந்து இரண்டையும் சொல்கிறேன். அவனுக்குக் கோபம் இல்லை என்றதும் அவள் முகம் தெளிகிறது. ஊற்றியது நான் என்றதும், அடம்பிடிக்கும் பிள்ளையைப் பார்ப்பதுபோல் என்னைப் பார்க்கிறாள்.

"சரி சரி, ஆறப்போவுது, குடிங்க" என்கிறாள்.