மலையில் செலவாகாத ஒரு ரூபாய்

விடுதி நண்பர்களுக்கு,

இந்தக் கார்டைச் சாப்பாட்டுக்கூடப் பலகையில் குத்திவிடுங்கள். தபால்காரர் எப்படியும் படித்துவிட்டுத்தான் தருவார்.

நீங்கள் கேட்ட மிளகுக்காக நேற்று காரவள்ளியிலிருந்து கொல்லிமலை ஏறினேன். மேலே திண்ணனூர் நாடு என்கிற ஊர்ப்பகுதியில் ஓர் அம்மாள் மிளகு காயவைத்துக்கொண்டிருந்தார். ஒரு ரூபாயை நீட்டினேன். வாங்கவில்லை.

“ரூவாய வெச்சுக்கிட்டு உப்புக்கு நாந்தான கீழ எறங்கோணும்? உப்பாவே கொண்டாங்க சாமி.”

இறங்கிவந்து, அடிவாரத்தில் உப்பு விற்கும் பாயிடம் அதே ரூபாயை நீட்டினேன். அவரும் வாங்கவில்லை.

“இருக்கறதே ஒரு மூட்டை தம்பி. அதை ரூபாய்க்குக் கொடுத்துட்டா, மிளகு சுமந்து வர்றவங்களுக்கு நான் என்னத்தைக் கொடுக்கறது? நீங்களே தூக்கிட்டுப் போயி எனக்கு மிளகு மாத்திட்டு வாங்க.”

பவுனும் ஷில்லிங்கும் ரூபாயாக மாறும் கணக்கை இரண்டு வருஷமாகப் படிக்கிறவன், இன்று தலையில் உப்பு மூட்டையோடு மலை ஏறினேன்.

அம்மாள் உப்பை வாங்கிக்கொண்டு மிளகை அளந்து போட்டார். கீழே வந்ததும் பாய் அதிலிருந்தே ஒரு படி எடுத்து, “சுமந்த கூலிங்க” என்று என் பையில் கொட்டினார். அதுதான் உங்கள் மிளகு.

ரூபாய் இன்னும் என் சட்டைப்பையில் இருக்கிறது. யார் யாருக்கு என்ன கொடுத்தோம் என்றே விளங்கவில்லை.

பணம் என்றால் என்ன என்று தேர்வில் கேட்பார்கள். எல்லோரும் மறுக்காமல் வாங்கிக்கொள்வது என்று எழுதினால்தான் மதிப்பெண். வேறு பதில் தெரிந்தவர்கள் இந்தக் கார்டின் கீழேயே எழுதிவையுங்கள்.

கழுத்துவலி தீரும்வரை எனக்குப் பொய் எழுத வராது.