பூஜையில் வைத்த மேனுவல்

எங்கள் வீட்டில் கதைப் புத்தகம் என்று ஒன்றுகூடக் கிடையாது. அப்பா பத்திரப்படுத்தியதெல்லாம் மிக்ஸி, கிரைண்டர், பிரிட்ஜ், இன்வெர்ட்டர் ஆகியவற்றோடு வந்த மேனுவல்கள்தாம். நாமக்கல்லில் லாரிக்கு பாடி கட்டும் பட்டறையில் அவருக்கு வேலை. எந்த மெஷின் மக்கர் செய்தாலும் ஆளைக் கூப்பிடும் முன் புத்தகத்தைப் பார் என்பார். நான் நான்காவது படித்த வருஷம் அவற்றையெல்லாம் ஒரே ஃபைலில் அடுக்கும் பொறுப்பு எனக்கு வந்தது. துளை போட்டுக் கோர்த்து, ஒவ்வொன்றின் ஓரத்திலும் பெயர்ச்சீட்டு ஒட்டினேன். கடைசிச் சீட்டில் ‘அத்தை மெஷின்’ என்று எழுதினேன்.

அத்தை, அப்பாவின் அக்கா. கோழிப்பண்ணைத் தூசியில் கிடந்து நுரையீரல் கெட்டுப்போய், இரண்டு மாதம் முன்புதான் எங்களோடு இருக்க வந்திருந்தாள். காற்றிலிருந்து ஆக்ஸிஜனைப் பிரித்து மூக்குக் குழாயில் அனுப்பும் பெட்டி அவள் கட்டிலோரம் ஓடிக்கொண்டே இருக்கும். அது நின்றுவிடுமோ என்று தூக்கத்தில்கூட எனக்குப் பயம்.

ஆயுத பூஜை வந்தது. பாடப் புத்தகங்களோடு ஃபைலையும் பூஜையில் வைத்து மஞ்சள் துணியால் மூடினேன். அதுவும் புத்தகந்தானே. வைத்ததை மறுநாள் மறுபூஜைக்கு முன் தொட்டால் படித்ததெல்லாம் போய்விடும் என்று வகுப்பில் எல்லாப் பிள்ளைகளும் அடித்துச் சொல்லியிருந்தார்கள். மெஷின்களுக்குப் பொட்டு வைப்பதும் என் வேலைதான். மிக்ஸிக்கு ஒன்று, பிரிட்ஜுக்கு ஒன்று. உயிரையே காப்பாற்றுகிற அத்தை மெஷினுக்கு ஒரு பொட்டு போதுமா? பக்கமெல்லாம் பட்டை போட்டேன், பின்பக்கச் சல்லடையில் கை நிறையச் சந்தனத்தை அப்பினேன்.

அப்பாவும் அம்மாவும் பட்டறைப் பூஜைக்குக் கிளம்பினார்கள். அத்தைக்குத் துணை நான். அவர்கள் போன கொஞ்ச நேரத்தில் மெஷின் கத்த ஆரம்பித்தது. சிவப்பு விளக்கு எரிந்தது. அப்பாவுக்குப் போன் போட்டேன், எடுக்கவில்லை. பட்டறையில் மேளம் அடித்துக்கொண்டிருந்திருக்கும். அத்தையின் உதடு நீலம் பாய்ந்தது.

புத்தகத்தைப் பார்க்க வேண்டும். ஆனால் துணியருகே போன கையை இழுத்துக்கொண்டேன். வகுப்பில் நான் முதல் மாணவி. அதை விட்டால் எனக்கு வேறு பெருமை கிடையாது. அத்தை என்னைப் பார்த்துத் தலையை ஆட்டினாள்.

“வேண்டாஞ் சாமி... பூசையில வெச்சத எடுக்காத. உங்கப்பன் வந்துருவான்.”

அதைச் சொல்லி முடிப்பதற்குள் அவளுக்கு மூன்று முறை மூச்சு வாங்கியது. பதினாறாம் வாய்ப்பாட்டின் முதல் இரண்டு வரியைக் கடைசியாக ஒருமுறை சொல்லிக்கொண்டு, துணியை இழுத்தேன்.

மேனுவலில் பின்பக்கச் சல்லடையின் படம் இருந்தது. அதன் மேல் ஒரு அம்புக்குறி, அடைப்பு இருக்கக் கூடாது என்று இங்கிலீஷில் ஒரு வரி. சந்தனம் காய்ந்த சல்லடையைக் கழற்றி எறிந்தேன். கத்தல் நின்றது. அத்தையின் உதட்டில் நிறம் திரும்பிய பிறகுதான் எனக்கு அழுகை வந்தது.

அப்பா வந்ததும், கலைந்த துணியைப் பார்த்து, யார் எடுத்தது என்று கேட்டார். நான் வாயைத் திறக்குமுன் அத்தை முந்திக்கொண்டாள்.

“நாந்தான் தம்பி எடுத்தேன். எனக்கென்ன, படிப்பா போயிரப் போவுது?”

அப்பா தலையைக் குனிந்துகொண்டார். சரஸ்வதியும் இதைக் கேட்டிருப்பாள் என்று எனக்கு நிம்மதியாக இருந்தது.

மறுநாள் மறுபூஜை முடிந்ததும் என்னைச் சோதித்துக்கொண்டேன். எழுத்தும் வாய்ப்பாடும் அப்படியே இருந்தன. பிறகு நியூஸ் பேப்பரை அத்தையிடம் நீட்டி, ஒரே ஒரு வரி படிக்கச் சொன்னேன். அவள் அதை இப்படியும் அப்படியும் திருப்பிப் பார்த்துவிட்டு, “இது எனக்கு வராது சாமி, நீயே படி” என்றாள்.

என் படிப்புக்குப் பதிலாக அவள் படிப்பைச் சரஸ்வதி பிடுங்கிக்கொண்டாள். யாரிடமும் இதைச் சொல்லவில்லை. அன்றிலிருந்து தினமும் பள்ளி விட்டதும் பரிகாரம்போல அவளுக்குப் பேப்பர் படித்துக் காட்டினேன். அப்பாவைப் படிக்க அனுப்புவதற்காக அத்தை ஏழு வயதிலேயே கூலிக்குப் போனவள், ஒரு எழுத்தும் கற்றதே இல்லை என்பது எனக்கு அப்போது தெரியாது.