பாலத்தடியில் நான் இருந்ததாக

அவன் பாலத்திலிருந்து குதித்ததை நான் பார்க்கவில்லை. பார்த்ததாகக் கையெழுத்துப் போட்டேன். அவன் செத்துவிட்டான்.

அடையாறு பக்கம் ஒரு காவல் நிலையத்துக்கு எதிரே இஸ்திரி வண்டி வைத்திருக்கிறேன். எந்த நிலையம் என்று சொல்ல இன்றும் துணிவில்லை. அங்குள்ள காக்கி உடுப்புகளுக்கு நான்தான் பெட்டி போடுவேன்.

ஒருவரைக் கைது செய்யும்போது வீட்டார் யாராவது, இல்லையென்றால் அந்தப் பகுதியில் மதிப்புள்ள ஒருவர், நேரில் பார்த்துக் கையெழுத்திட வேண்டும். உடம்பில் காயம் இருந்தால் அதையும் அந்தத் தாளில் எழுத வேண்டும். விதி அப்படி. வீட்டாரைக் கூப்பிட்டால் அழுகை, கேள்வி... அதனால் ஏட்டையா தாளோடு என் வண்டிக்கு வந்துவிடுவார். நான் படித்துப் பார்த்ததே இல்லை. எட்டாவது வரை படித்தவன், படிக்கத் தெரியாமல் இல்லை. என் பெயருக்கு மேலே ‘மதிப்புக்குரிய நபர்’ என்று இருக்கும். வேறு யார் என்னை அப்படி எழுதினார்கள்?

அன்று முற்பகல், தேய்த்த சட்டைகளோடு உள்ளே போனேன். பின்னறையில் குப்பத்து மீனவன் ஒருவன் தரையில் கிடந்தான். ஒரு காவலர் அவன் தொடை மேல் ஏறி நின்றார். இன்னொருவர் முழங்காலில் அடித்தார். எலும்பு முறிந்த சத்தம் எனக்குக் கேட்டது. லத்தி பிளந்தது. பிளந்த லத்தியாலேயே மறுபடி அடித்தார்.

அவன் என்னைத்தான் பார்த்தான். “அண்ணே... தண்ணி.”

ஏட்டையா தாளை நீட்டினார். “இன்னா நைனா, புதுசா பாக்கிற? வயக்கமா போடறதுதானே, போடு.”

அன்றுதான் முதல்முறை படித்தேன். ‘தப்பி ஓடிப் பாலத்திலிருந்து குதித்ததில் கால்களில் காயம்.’ ஆனாலும் போட்டேன்.

தண்ணீர் கொடுக்கவில்லை. வெளியே வந்து, துணிக்குத் தெளிக்க வைத்திருந்த தண்ணீரை நானே குடித்தேன்!

மூன்றாம் நாள் அவன் ஆஸ்பத்திரியில் இறந்தான். விசாரணைக்கு வந்த அதிகாரியிடமும் பாலத்தையே சொன்னேன்.

பிறகு ஒரு நாள் அவன் மனைவி மீன் கூடையோடு வந்தாள். கையில் அந்தத் தாளின் நகல்.

“இதுல கீற கையெழுத்து உன்னுதாண்ணே? அவரு கீய வியுந்தப்போ நீதான் கூட இருந்தியாமே.”

தலையாட்டினேன்.

“கடல்லயே கெடந்த மனுசன், பாலத்துலேர்ந்து ஏன் குதிச்சாரு... எதனா சொன்னாரா?”

“தண்ணி கேட்டாரும்மா.”

“குடுத்தியா?”

நீங்கள் என்றால் என்ன சொல்லியிருப்பீர்கள்?

“குடுத்தேன்” என்றேன்.

அவள் இரு கைகளையும் கூப்பினாள். “நீயாவது குடுத்தியே.”

தாள்கள் இன்னும் வருகின்றன. இப்போது படித்துவிட்டுத்தான் கையெழுத்துப் போடுகிறேன்.

அவள் இந்தப் பக்கம் வந்தால் என் வண்டியருகே கூடையை இறக்கி, என்னிடம் தண்ணீர் வாங்கிக் குடித்துவிட்டுப் போகிறாள். இன்று காலையும் வந்தாள். கொடுத்தேன்.