இறங்கிவிட்டேன் என்று சொல்லாத மாலை

எங்கள் மகளுக்கு ஆறு வயதானபோது, மலைப்பக்கம் ஒரு சிறிய விமானம் விழுந்த செய்தியை என் மனைவி டிவியில் பார்த்தாள். பொழுதுபோக்காக நானும் அப்படிச் சின்ன விமானம் ஓட்டுகிறவன். "கொஞ்ச வருஷம் பறக்க வேண்டாங்க. பாப்பா வளரட்டும்" என்றாள். சரி என்றேன். நான்கு மாதம் சொன்ன சொல்லைக் காப்பாற்றினேன். பிறகு சனிக்கிழமைகளில் சைட்டுக்குப் போவதாகச் சொல்லி ஷார்ஜா வீட்டிலிருந்து கிளம்பி, வடக்கே இருக்கும் எங்கள் பறக்கும் கிளப்புக்குப் போய், ஒரு மணி நேரம் பறந்துவிட்டு வர ஆரம்பித்தேன். கட்டடங்களுக்கு ஏசி வடிவமைக்கும் இன்ஜினியர் நான். சைட் என்றால் யாரும் மறு கேள்வி கேட்பதில்லை.

கிளப்பில் ஒரு வழக்கம் உண்டு. குளிர்காலத்தில் ஒரு நாள் நான்கைந்து பேர் ஆளுக்கொரு சின்ன விமானத்தில் கிளம்பி, பாலைவனத்துக்குள் இருக்கும் வேறொரு ஓடுதளத்தில் இறங்கி, ஒன்றாகச் சாப்பிடுவோம். இருட்டிய பின் பறக்க எங்களுக்கு அனுமதி கிடையாது. அதனால் பொழுது சாயும் முன் இறங்கி, இரவு அங்கேயே தங்கி, காலையில் திரும்ப வேண்டும்.

"அபுதாபியில மீட்டிங். முடிய லேட்டாகும், தங்கிட்டு வந்துடறேன்" என்று வீட்டில் சொன்னேன். அவள் சட்டையை இஸ்திரி போட்டுக் கொடுத்தாள். டையைக்கூட எடுத்து வைத்தாள். கிளப் வாசலில் காருக்குள் உட்கார்ந்து அந்த டையை அவிழ்த்தேன்.

அன்று காற்றே இல்லை. கீழே மணல்மேடுகளின் ஒரு பக்கம் சிவந்தும் மறுபக்கம் கறுத்தும் கிடந்தன. ஒட்டகப் பண்ணை ஒன்றில் அப்போதுதான் விளக்கு போட்டிருந்தார்கள். கடைசியாக வந்தது நான்தான். சக்கரம் தரையைத் தொட்டதே தெரியாதபடி இறங்கினேன். ஓரமாக நின்றிருந்தவர்கள் கை தட்டினார்கள். எங்களில் மூத்தவர், லெபனான்காரப் பல் மருத்துவர், "வெண்ணெய் மாதிரி!" என்று தோளைத் தட்டி அழைத்துப் போனார்.

அந்த ஓடுதளத்தில் விமானங்களைக் கண்காணிக்கும் டவர் கிடையாது. பத்திரமாக இறங்கிவிட்டேன் என்று நாமே கிளப்புக்குப் போன் செய்து சொல்ல வேண்டும். சொல்லாவிட்டால் தேட ஆரம்பித்துவிடுவார்கள். பயிற்சியின் முதல் வாரத்தில் கற்ற பாடம் அது. கைதட்டலில் மறந்தே போனேன். போனும் விமானத்துக்குள் பையில் கிடந்தது. நண்பர்கள் சிரிக்கும் நேரத்தில் மனைவி கூப்பிட்டால் மாட்டிக்கொள்வேன் என்று நான்தான் அதைச் சைலண்டில் போட்டுவிட்டு வந்திருந்தேன்.

கபாப் வந்தது, சூடான ரொட்டி வந்தது. "உன் மனைவிக்குப் பயமே கிடையாதா?" என்று டாக்டர் கேட்டார்.

"அவளா? போங்க போங்கன்னு அவதான் அனுப்பி வைப்பா" என்றேன். எல்லோரும் அவளைப் பாராட்டினார்கள்.

கொஞ்ச நேரத்தில் கிளப்பிலிருந்து அவருக்குப் போன் வந்தது. எழுந்து நின்று பேசினார். பேசியபடியே என்னைப் பார்த்தார்.

"இறங்கினதைச் சொன்னாயா?"

நான் சட்டைப்பையில் போனைத் தேடினேன். அவரே போனில், "இங்கேதான் இருக்கிறான். நன்றாகத்தான் இருக்கிறான்" என்றார். பிறகு என்னிடம் தணிந்த குரலில், "உன் வீட்டுக்குச் சொல்லியிருக்கிறார்கள்" என்றார்.

கிளப்பில் சேர்ந்த நாளில், படிவத்தில் அவசரத்துக்கு யாரை அழைக்கலாம் என்ற கட்டத்தில் அவள் எண்ணை எழுதியது நான்தான்.

விமானத்துக்கு ஓடிப்போய் போனை எடுத்தேன். திரை முழுக்க அவள் பெயர். கூப்பிட்டேன். முதல் ரிங்கிலேயே எடுத்தாள். பின்னால் லாரிகளின் ஹாரன் கேட்டது. பாப்பாவைப் பக்கத்து ஃபிளாட்டில் விட்டுவிட்டு, கிளப்பில் சொன்ன இந்த ஓடுதளத்தைத் தேடித் தனியாகக் காரோட்டி வந்துகொண்டிருந்தாள்.

"நான்தான்" என்றேன்.

காரை ஓரம் கட்டி நிறுத்தும் சத்தம் கேட்டது. பிறகு கேட்டாள்: "மீட்டிங் முடிஞ்சுதா?"

ஒரு மணி நேரத்தில் வந்து சேர்ந்தாள். வீட்டில் போடும் ரப்பர் செருப்போடு வந்திருந்தாள். டாக்டர் நாற்காலி இழுத்துப் போட்டார். ஒருவர் தண்ணீர் கொடுத்தார். அவள் எல்லோருக்கும் ஆங்கிலத்தில் நன்றி சொன்னாள். உட்காரவில்லை. சற்று முன் அவளைப் பாராட்டியவர்கள் இப்போது அவளையும் பார்க்க முடியாமல், என்னையும் பார்க்க முடியாமல், தட்டைப் பார்த்துக்கொண்டிருந்தார்கள். அவளுக்குத் தெரியாமல் நான் வந்தது அவர்களுக்கு விளங்கிவிட்டது. யாராவது நாலு வார்த்தை திட்டியிருக்கலாம்.

"உன் விமானத்தைக் கொண்டுவர நாளைக்கு வேறொரு பைலட்டை ஏற்பாடு செய்கிறேன்" என்று டாக்டர் அதன் சாவியை வாங்கிக்கொண்டார். கார் சாவியை அவளிடம் கேட்டேன். தரவில்லை. அவளே ஓட்டினாள். ஷார்ஜா வரும்வரை ரேடியோகூடப் போடவில்லை.

பக்கத்து ஃபிளாட் சோபாவில் மகள் தூங்காமல் உட்கார்ந்திருந்தாள். "அப்பா, வழி தெரியாம லாஸ்ட் ஆயிட்டீங்களா?" என்றாள்.

ஆமாம் என்று சொல்வது சுலபம். சொல்லவும் வாயெடுத்தேன். மனைவி கதவருகே நின்று கேட்டுக்கொண்டிருந்தாள்.

"இல்லம்மா. அப்பா அம்மாகிட்ட பொய் சொல்லிட்டுப் போயிட்டேன்."

"ஸாரி சொன்னீங்களா?"

ஒன்றரை மணி நேரம் பக்கத்தில் உட்கார்ந்து வந்திருக்கிறேன். சொல்லியிருக்கவில்லை.

அங்கேயே, பக்கத்து வீட்டுக்காரர்கள் முன்னால் சொன்னேன். மனைவி மகளைத் தூக்கிக்கொண்டு எங்கள் கதவைத் திறக்கப் போனாள்.