தோல் கிடங்கு ராணி

அத்தாவின் தோல் கிடங்குக்குக் காவல் இருந்த நாய்க்கு ராணி என்று பெயர். வீட்டுக்குள் நாய் வரக்கூடாது என்பதில் அம்மா கண்டிப்பாக இருந்ததால், அதன் ராஜ்யம் கிடங்கோடு நின்றது. பச்சைத்தோல்களை உப்புத் தடவி அடுக்கியிருப்பார்கள். ராணி அந்த அடுக்குகளின் ஓரத்தை நக்கிக்கொண்டே கிடக்கும்.

“இது நாயா மாடா மொதலாளி? இம்புட்டு உப்ப நக்குது,” என்பார் உப்புத் தடவுகிறவர்.

“ஒன் சம்பளத்துல புடிச்சுக்கிறேன், விடு,” என்பார் அத்தா.

நான் நான்காம் வகுப்பு படித்த வருடம் அதற்கு உடம்பு கெட்டது. வாந்தி, நடுக்கம், பின்னங்கால் துவளல். சில நாள் ஒன்றுமே நடக்காததுபோல வாலாட்டும். மறுபடி சுருண்டு விழும். ஒரு காலையில் எழவே இல்லை. குதிரைவண்டியில் போட்டு மாட்டாஸ்பத்திரிக்குக் கொண்டுபோனோம். டாக்டர் தொடையிடுக்கில் விரல் வைத்து, “நாடி இம்புட்டு மெதுவா ஓடாதே,” என்றார். நரம்பில் மருந்துநீர் ஏற்றினார். மாலைக்குள் ராணி எழுந்து நின்றது. என்ன நோய் என்று அவருக்கும் பிடிபடவில்லை.

“தோல்ல கெடக்குற உப்பும் அழுக்கும் வயித்தக் கெடுத்திருக்கும் ராவுத்தரே. அந்தப் பக்கமே விடாதீங்க.”

அன்றே அத்தா புதுக் கயிறு வாங்கி, வீட்டுக் கொல்லையில் ராணியைக் கட்டினார். அம்மாவே உப்பில்லாத கஞ்சி காய்ச்சி ஊற்றினார். “பொழைக்கட்டும் தாயி, பெறகு அவுத்து விடுவோம்,” என்றார் அத்தா என்னிடம்.

ராணி பிழைக்கவில்லை. அந்த உப்புதான் கொன்றது என்று அத்தா இன்றும் சொல்வார்.

இப்போது ஆஸ்பத்திரி ஆய்வுக்கூடத்தில் ரத்தத்தின் உப்பை அளப்பது என் வேலை. சிறுநீரகத்தின்மேல் தொப்பிபோல ஒரு சுரப்பி இருக்கிறது. அது சோர்ந்துபோனால் உடம்பில் உப்புத் தங்காது. உப்பும் கொடுத்து, அந்தச் சுரப்பி தரவேண்டியதை ஊசியாகவும் போட்டால் பிழைக்கலாம். நாய்க்கும் அப்படித்தான். அன்று டாக்டர் ஏற்றியது உப்புநீர். ராணியும் கிடங்கில் தனக்குத் தெரிந்த வைத்தியத்தைத்தான் செய்துகொண்டிருந்தது. அத்தாவிடம் இதை நான் சொல்லவில்லை.

கட்டிப்போட்டிருந்த நாட்களில், பள்ளிவிட்டு வெயிலில் நடந்து வருவேன். ராணி தள்ளாடி எழுந்து, வியர்த்த என் கையையும் கணுக்காலையும் விடாமல் நக்கும்.

“அம்மா, எம்மேல எம்புட்டுப் பாசம் பாருங்க.”

“சீக்கு நாய்க்கு அழுக்கு ஆகாதுன்னு டாக்டரு சொன்னாகல்ல?” என்றார் அம்மா.

எனக்கு அது நியாயமாகப் பட்டது. மறுநாள் முதல் சோப்புப் போட்டுக் கைகால் கழுவிக்கொண்டுதான் அதன் பக்கத்தில் போய் உட்கார்ந்தேன்.