எதற்கு ஆமென் சொன்னோம்?

இன்று காலை ஆராதனையில் நடந்தது.

எங்கள் ரப்பர் தோட்டத்தில் பால் வெட்டும் மரியாயி, போன வாரம் காய்ச்சலில் பிள்ளையைப் பறிகொடுத்தவள். பிரசங்கத்தின் நடுவில் எழுந்து நின்று, பக்கத்தில் இருந்த என்னைக் காட்டினாள்.

“ஐயா, நானும் இந்த அக்காவும் முட்டி போட்டு ஜெபம் பண்ணுனோமே. ஏன் எம்புள்ள பொழைக்கல?”

“விசுவாசம் பத்தல, தாயி!” என்று உபதேசியார் கையை உயர்த்தினார்.

அவர் கை உயர்ந்தால் நாங்கள் ஆமென் சொல்வது வழக்கம். சபையே சொன்னது. நானும் சொல்லிவிட்டேன்.

மரியாயி என் பக்கம் திரும்பினாள். “அப்ப ஒங்களுக்கும் பத்தலையாக்கா?”

அவள் வெளியே போய்விட்டாள்.

சாயங்காலம் அவள் இருக்கும் லயத்து வீட்டுக்குப் போகிறேன். அதற்குள் சொல்லுங்கள், இதைப் படிக்கும் சகோதரிகளே: ஆமென் சொல்லுமுன் கொஞ்சம் யோசிக்கிற சபை எங்காவது இருக்கிறதா?